ஈரம் பட்டால் வேலை செய்யும் பட்டு

‘தையில் எடுத்த கூட்டுக்குக் கிடைத்த விலை, ஐப்பசியில் எடுத்த கூட்டுக்குக் கிடைக்கவில்லை. அதே ரக முட்டைத் தொகுதி, அதே மல்பெரித் தோட்டம், அதே ஆட்கள். பிறகு என்னதான் காரணம்?’

மழைக்காலம் தொடங்கினால் போதும், பட்டுப்புழு வளர்க்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், பட்டு தண்ணீர் குடிக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட விடாது. அந்த ஈரம் சேரக் கூடாத நேரத்தில் சேர்ந்தால் கூட்டின் தரம் போய்விடும்.

ஆனால், இந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய சங்கதி இருக்கிறது. நம்மூர் நூற்பாளர்கள் எந்தக் குணத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களோ, அதே குணத்தை வைத்துத்தான் சீனாவிலும் அமெரிக்காவிலும் விஞ்ஞானிகள் புதுப்புதுப் பொருள்களைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வியர்த்தால் தானாகவே கை சுருங்கும் சட்டை, விதையோடு நுண்ணுயிரை உயிருடன் ஒட்டிவைக்கும் பூச்சு, பழத்தை வாடவிடாத மெல்லிய மேல்தோல் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு ‘ஸ்மார்ட் மெட்டீரியல்’ என்று பெயர். மோட்டார், பேட்டரி, கம்பி எதுவும் கிடையாது. வெப்பமோ ஈரமோ மாறினால், அதை உணர்ந்து தானே சுருங்கும், முறுகும், கரையும், இறுகும். பட்டைப் பொறுத்தவரை அந்தச் சாவி, ஈரம்.

இதனால் பட்டு விவசாயிக்கு என்ன வரப்போகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஐப்பசிக் கூட்டின் கதையை முடித்துவிடுவோம். இரண்டும் ஒரே கதைதான்.

குழம்பு நூலாகும் நேரம்

ஐந்தாம் பருவம் முடிந்து கூடு கட்டத் தயாராகும் புழுவின் உடலுக்குள் இரண்டு பட்டுச் சுரப்பிகள் நிறைந்திருக்கும். அதற்குள் நூல் எதுவும் இருக்காது. பிசின்போலக் கெட்டியான ஒரு குழம்புதான் இருக்கும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர், மீதி புரதம். புழு தலையை எட்டு வடிவத்தில் ஆட்டி ஆட்டி அந்தக் குழம்பை வெளியே இழுக்கிறது. இழுக்கும் வேகத்தில் புரதச் சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி அடுக்காகப் படிகின்றன. தண்ணீர் வெளியேறுகிறது. குழம்பு நூலாகிறது. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் இப்படி இழுத்த நூல் ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளம் இருக்கும்.

இந்த நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், நடுவில் இரண்டு இழைகள் தெரியும். அது ஃபைப்ராயின் என்ற புரதம். உண்மையான பட்டு அதுதான். அதைச் சுற்றிலும் செரிசின் என்ற பசை பூசியிருக்கும். எடையில் கிட்டத்தட்ட கால்வாசி இந்தப் பசை. கூடு கூடாக நிற்பதற்குக் காரணம் இந்தப் பசைதான். பிற்பாடு நூற்பு ஆலையில் வெந்நீரில் இளகி, நூலைத் தனியாக விட வேண்டியதும் இதே பசைதான்.

இங்கேதான் மழைக்காலம் குறுக்கே வருகிறது. கூடு கட்டத் தொடங்கும்போது புழு தன் உடலில் இருக்கும் மிச்ச நீரைக் கழிக்கிறது. குழம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் சேர்கிறது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்கின்றன. அத்தனை ஈரத்தையும் அறையில் இருக்கும் காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே மழை பெய்து காற்றே ஊறிக் கிடந்தால், அது எங்கிருந்து வாங்கும்? பசை காய்வதற்கு நேரமாகிறது. காயாத பசைமேல் அடுத்த சுற்று நூல் வந்து படிகிறது. அடுக்குக்கு அடுக்கு அழுத்தமாக ஒட்டிக்கொள்கிறது. பார்வைக்குக் கூடு நன்றாகவே இருக்கும். ஆனால், வெந்நீரில் போட்டு நூல் எடுத்தால், பிரிந்து வராமல் அறுந்து அறுந்து போகும். நூற்பாளருக்கு நேரமும் நஷ்டம், நூலும் நஷ்டம். அடுத்த முறை மழைக்காலக் கூடு என்றாலே விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 80 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் வேண்டும். தழை வாடாமல் இருந்தால்தான் அது தின்னும். ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி, 70 சதவிகிதம். கூடு கட்டும்போது 24, 25 டிகிரியும் 60 முதல் 70 சதவிகித ஈரப்பதமும் போதும். அதாவது, முதலில் அமிர்தமாக இருந்த ஈரம் கடைசி 3 நாளில் விஷமாகிறது. இதைக் கவனிக்காமல் ‘புழுவுக்கு ஈரம் நல்லது’ என்று பொதுவாக மனதில் வைத்துக்கொண்டு, கூடு கட்டும்போதும் தரையில் தண்ணீர் தெளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிலர் குளிர் அடிக்கிறது என்று ஜன்னல் எல்லாவற்றையும் சாக்குப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கூடு கட்டும் நேரத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு இதுதான். காற்று நேராகப் புழுமேல் வேகமாக அடிக்கக் கூடாது, உண்மை. அதற்காக மூடிவைக்கக் கூடாது. சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவைத்து, மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று ஓடினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. நெட்ரிகாவுக்கு அடியில் விரித்த காகிதமோ சாக்கோ புழுவின் கழிவில் ஊறிப்போனதும் எடுத்துவிட்டு, காய்ந்ததை விரியுங்கள். பழுத்த புழுவை மட்டும் பொறுக்கிப் போடுங்கள். பழுக்காத புழு நெட்ரிகாவில் ஏறினால் எச்சம் போட்டுப் பக்கத்துக் கூட்டையும் கறையாக்கும். நெரிசலாகப் போட்டாலும் ஈரம் தேங்கும், இரட்டைக் கூடும் கூடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, சுவரில் மாட்டாமல் நெட்ரிகாவின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள். அறையின் ஈரம் வேறு, புழுக்களுக்கு நடுவே இருக்கும் ஈரம் வேறு.

பட்டுக்கும் ஈரத்துக்கும் உள்ள இந்த உறவு வியாபாரத்தில் பழைய தலைவலி. பிரான்ஸில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் லியோன். கச்சாப் பட்டை ஈரமான அறையில் வைத்து எடை ஏற்றி விற்பது அங்கே பெரிய மோசடியாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் நனைந்ததாகவே தெரியாது. பட்டு தன் எடையில் 30 சதவிகிதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். 1805-ல் அங்கே இதற்கென்றே ஒரு பொதுச் சோதனைக்கூடத்தை அரசு அமைத்தது. பட்டை உலர்த்தி எடைபோட்டு, நியாயமான ஈரத்துக்கு மட்டும் கூட்டிக் கணக்கிடும் முறை நாளடைவில் அங்கே நிலைபெற்றது. எலும்பாகக் காய்ந்த பட்டு 100 கிலோ என்றால், வியாபாரத்தில் அதை 111 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். இந்த 11 சதவிகிதக் கணக்கு இன்றும் உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது.

ஊசிப்புல், தாம்புக் கயிறு, சிலந்தி வலை

ஈரம் பட்டால் அசையும் பொருள் விவசாயிக்குப் புதிதல்ல. ஆடு மேய்ப்பவர்களின் வேட்டியில் குத்திக்கொண்டு வரும் ஊசிப்புல்லைப் பாருங்கள். அதன் வால் காய்ந்திருக்கும்போது முறுக்கிக்கொண்டிருக்கும். எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் மெல்லச் சுழலும். பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் மாறி மாறிச் சுழன்று, விதையை மண்ணுக்குள் திருகி இறக்குவதற்கு அந்தப் புல் கண்டுபிடித்த வழி அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீரில் போட்டு வெடிக்கவைக்கும் பட்டாசுக்காயும் இதே ரகம்தான். கிணற்றில் இறைத்த தாம்புக் கயிறு நனைந்தால் விறைத்து, நீளம் குறைந்து, முடிச்சு அவிழ்க்க முடியாமல் இறுகும். நார் ஒவ்வொன்றும் தண்ணீர் குடித்துப் பருக்கிறது. பருத்த நார்களைச் சுற்றிவர, முறுக்கிய கயிறுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைக் கயிறு தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் குட்டையாகிறது.

பட்டு நூலுக்குள்ளும் இதற்கு ஏற்ற அமைப்பு இருக்கிறது. களத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளையும், அவற்றுக்கு நடுவே உதிரியாகக் கிடக்கும் வைக்கோலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைப்ராயின் புரதம் சில இடங்களில் அந்தக் கட்டுபோல நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதற்குள் தண்ணீர் எளிதில் நுழையாது. பட்டின் உறுதிக்குக் காரணம் இந்தக் கட்டுகள்தான். உதிரியான இடங்களிலோ தண்ணீர் தாராளமாகப் புகும். புகுந்ததும் சங்கிலிகள் நெகிழும், இடம்மாறும். காய்ந்தால் பழையபடி இறுகும். எவ்வளவு கட்டு, எவ்வளவு உதிரி என்பதை மாற்றி அமைக்க முடிந்தால், பட்டு தண்ணீருக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். விஞ்ஞானிகள் பிடித்திருக்கும் நூல்முனை இதுதான்.

பட்டு இனத்தில் ஈரத்துக்கு மிக அதிகமாக ஆடுவது சிலந்தி நூல். வலையின் சட்டம்போல இருக்கும் இழையைக் கட்டாமல் விட்டு நனைத்தால், பாதி நீளத்துக்குக்கூடச் சுருங்கிவிடும். மார்கழிக் காலையில் வரப்போரத்துச் சிலந்தி வலை, பனித்துளிகளின் பாரத்தோடும் தொய்யாமல் விறைப்பாக நிற்பதற்கு இந்தக் குணமும் உதவுகிறது. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானிகளும் சீன விஞ்ஞானிகளும் சேர்ந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். காற்றில் ஈரப்பதம் 70 சதவிகிதத்தைத் தாண்டும்போது, சிலந்தி இழை சுருங்குவதோடு நிற்காமல் திருகவும் செய்கிறது. ஆனால், சிலந்தியைக் கூட்டமாக வளர்க்க முடியாது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் எல்லோரும் சுற்றிச் சுற்றி நம் மல்பெரிப் புழுவிடமே வந்து நிற்கிறார்கள்.

மல்பெரிப் பட்டு தானாக அவ்வளவு சுருங்காது. சீனாவின் தியான்ஜின் நகரில் இருக்கும் நன்கை பல்கலைக்கழகத்தினர் அதைக் கயிறு திரிக்கும் முறையில் சமாளித்தார்கள். ஒற்றைப் புரியை முறுக்கிக் கையை எடுத்தால் பிரிந்துவிடும், இரண்டு புரியை எதிர்முறுக்கில் சேர்த்தால் நிற்கும் என்பது கயிறு திரித்த எவருக்கும் தெரியும். அவர்களும் பட்டு நூலை நன்றாக முறுக்கி, இரண்டாக மடித்து, தானே பிரியாதபடி செய்தார்கள். பிறகு அதைச் சுருள்வில்போலச் சுற்றி, சூடு காட்டி அந்த வடிவத்தில் நிறுத்தினார்கள். காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்திலிருந்து 80 சதவிகிதத்துக்கு ஏறியபோது அந்தச் சுருள் 70 சதவிகிதம் சுருங்கியது. 1 அடி நூல் 4 விரற்கடைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் போனதும் மறுபடி நீண்டது. இதைத் துணியாக நெய்து சட்டைக் கை செய்தால், வியர்க்கும்போது கை மேலேறிக் காற்று புகவிடும், வியர்வை காய்ந்ததும் கீழே இறங்கும். 2019-ல் வெளியான ஆய்வு இது. ‘செயற்கைத் தசை’ என்று இதை அழைக்கிறார்கள். ஈரத்தில் வேலை செய்யும் செயற்கைத் தசைகளை மற்ற பொருள்களிலும் செய்திருக்கிறார்கள். பட்டின் சிறப்பு, அது உடம்பில் உறுத்தாது என்பதும், ஏற்கெனவே உலகம் முழுக்க நூலாகக் கிடைக்கிறது என்பதும்தான்.

கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால், சட்டைக் கை சுருங்குவதால் விவசாயிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நம் வயலுக்குப் பக்கத்தில் வரும் விஷயம் அடுத்தது.

விதைக்கு ஒரு பட்டுச் சட்டை

உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை விதைப்பவர்கள் ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைப்பது வழக்கம். ஏன் ‘நிழலில்’, ஏன் ‘அன்றே’? அந்தப் பாக்டீரியா உயிருள்ளது. காய்ந்தால் சாகும், வெயில் பட்டால் சாகும். கஞ்சி ஒட்டவைக்கும், காப்பாற்றாது. விதைத்த பிறகு மழை 10 நாள் தள்ளிப்போனால், விதையோடு போன பாக்டீரியாவில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகம்தான். உப்பு மண்ணாக இருந்தால் இன்னும் மோசம்.

எம்.ஐ.டி.யில் பெனடெட்டோ மரெல்லி என்ற பேராசிரியரின் குழு, கஞ்சிக்குப் பதிலாகப் பட்டை எடுத்துக்கொண்டது. கூட்டை வெட்டி, புழுவை நீக்கி, செரிசின் பசையைக் கழுவிவிட்டு, மிஞ்சும் ஃபைப்ராயினைத் தண்ணீரில் கரைத்த கரைசலாக மாற்றுகிறார்கள். அதில் ட்ரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். வறண்டு கருவாடாகக் கிடந்து, தண்ணீர் பட்டதும் உயிர்த்தெழும் சில உயிரினங்கள் தங்கள் உடம்பில் தயாரித்துக்கொள்ளும் சர்க்கரை அது. இந்தக் கலவையில் ரைசோபியத்தைச் சேர்த்துப் பீன்ஸ் விதையில் பூசினார்கள். பூச்சு காய்ந்திருக்கும்வரை பாக்டீரியா அதற்குள் உறங்குகிறது. மண்ணின் ஈரம் பட்டதும் பூச்சு இளகி, வேரருகே அதை விடுவிக்கிறது. 2019-ல் வந்த இந்த ஆய்வில், உப்பு மண்ணிலும் பூசிய விதைகள் பூசாதவற்றைவிட நன்றாக முளைத்தன.

அடுத்த கட்டமாக அவர்கள் போனது மொராக்கோவுக்கு. வட ஆப்பிரிக்காவின் ஓரத்தில் இருக்கும் அந்த நாட்டின் பெரும்பகுதி மழை குறைந்த பூமி. அங்கே பென் கெரிர் என்ற ஊரில் இருக்கும் ஆறாம் முகம்மது பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, வறட்சிக்கென்று இரண்டு அடுக்குப் பூச்சை உருவாக்கினார்கள். அதற்கான யோசனை, சியா விதையிலிருந்தும் திருநீற்றுப்பச்சிலையின் விதையிலிருந்தும் வந்தது. நாம் சர்பத்தில் போடும் சப்ஜா விதை, தண்ணீரில் போட்ட சில நிமிடத்தில் தன்னைச் சுற்றி வழுவழுவென்று கூழ்போல ஒரு உறை கட்டிக்கொள்கிறதே, அது அழகுக்காக அல்ல. கிடைத்த கொஞ்ச ஈரத்தையும் மண் இழுத்துக்கொள்ளாமல் தன்னிடமே பிடித்துவைக்க அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. பீன்ஸுக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால் வெளி அடுக்கை, பழத்தோலில் இருக்கும் பெக்டினும் செல்லுலோஸ் வகைப் பொருளும் சேர்த்துச் செய்தார்கள். அது சப்ஜாவைப்போலத் தண்ணீரைப் பிடித்து ஜெல்லாகும். உள் அடுக்கு, பழைய பட்டும் ட்ரெஹலோஸும் ரைசோபியமும். தண்ணீர் பற்றாக்குறையிலும் இந்த விதைகள் நன்றாக முளைத்து வளர்ந்ததை 2021-ல் வெளியிட்டார்கள்.

மானாவாரிக்காரர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தூறலை நம்பி விதைத்து, முளை எட்டிப்பார்த்ததும் வானம் கைவிரித்து, மறுவிதைப்புக்குக் கடன் வாங்கிய அனுபவம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! அந்த இடைவெளியில் சில நாள் விதையைத் தாங்கிப்பிடிக்க முடிந்தால்கூட, ஒரு மறுவிதைப்பின் செலவு மிச்சம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பூச்சு மழையை வரவழைக்காது. கிடைத்த ஈரத்தை விதைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவே. நம் உளுந்திலோ துவரையிலோ, நம் கரிசலிலோ செம்மண்ணிலோ இதைப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அது நம் செய்தி. அதுவரை கஞ்சியும் நிழலும்தான்.

வாடாத ஸ்ட்ராபெர்ரி

இதே மரெல்லி, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, டேவிட் கப்லான், ஃபியோரென்ஸோ ஒமெனெட்டோ ஆகியோருடன் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு பழங்களைப் பற்றியது. ஸ்ட்ராபெர்ரியைப் பட்டுக் கரைசலில் முக்கி எடுத்து, நீராவியில் சிறிது நேரம் வைத்தார்கள். பூச்சின் கனம் சுமார் 30 மைக்ரான். அதாவது, 1 மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அறையிலேயே வைத்தும், 7 நாள் கழித்துப் பழம் சாறும் கெட்டியும் குறையாமல் இருந்தது. பூசாத பழம் வாடி நிறம் மாறிவிட்டது. வாழைப்பழத்திலும் பழுக்கும் வேகம் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நீராவிதான். கரைசலைக் காயவைத்தால் வரும் பட்டுப் படலம், தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். அதே படலத்துக்கு நீராவி காட்டினால், உதிரியாகக் கிடந்த புரதங்கள் தண்ணீரின் உதவியால் நெகிழ்ந்து நெருங்கி, கட்டுகளாக அடுக்கிக்கொள்கின்றன. பிறகு தண்ணீரில் கரையாது. எவ்வளவு நேரம் நீராவி என்பதை வைத்து, பழத்திலிருந்து ஈரம் எவ்வளவு வெளியேற வேண்டும், காற்று எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஈரத்தால் கெடும் பட்டை ஈரத்தாலேயே உறுதியாக்குகிறார்கள். இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து மோரி என்ற பெயரில் ஒரு நிறுவனமும் அமெரிக்காவில் வந்தது. பட்டுப்புழுவின் அறிவியல் பெயர் பாம்பிக்ஸ் மோரி.

விலை ஏறுமா?

இதையெல்லாம் நம்பி மல்பெரியைக் கூடுதலாக நட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நேராகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெண்பட்டுக் கூடு 6, 7 கிலோ இருந்தால்தான் 1 கிலோ கச்சாப் பட்டு. அதில் பசையைக் கழுவினால் கால்பங்கு போய்விடும். அந்த விலையில் ஒரு பொருளை விதைக்கும் பழத்துக்கும் பூசுவதென்றால், மெல்லிய படலமாகப் பூசினால்தான் கட்டும். மெல்லியதாகப் பூசினால் பெரிய அளவில் பட்டு தேவைப்படாது. காஞ்சிபுரத்துத் தறியோடு போட்டி போடும் அளவுக்கு இது வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேலைதான் இன்னும் பல காலத்துக்கு நம் கூட்டுக்கு எஜமானர்.

இதில் வேறொரு பக்கம் இருக்கிறது. சேலைக்கு அறுபடாத நூல் வேண்டும். கரைசலுக்கு வேண்டாம். ஆய்வகத்தில் முதல் வேலையே கத்தரிக்கோலால் கூட்டை வெட்டுவதுதான். இரட்டைக் கூடு, நுனி மெலிந்த கூடு, ஊசி ஈ துளைத்த கூடு, பட்டுப்பூச்சி ஓட்டைபோட்டு வெளியேறிய கூடு என்று ஏலத்தில் ஒதுக்கப்படும் எல்லாவற்றிலும் ஃபைப்ராயின் நல்ல கூட்டில் இருப்பதைப்போலவேதான் இருக்கிறது. புழு செத்து அழுகிக் கறை ஏறிய கூடு மட்டும் உணவுப்பொருள் பக்கம் போக முடியாது. இப்போது இந்தக் கழிவுக் கூடுகள் கழிவுப்பட்டு நூற்பு ஆலைகளுக்குக் குறைந்த விலைக்குப் போகின்றன. கரைசல் தயாரிப்பு இந்தியாவில் தொழிலாக வந்தால், இரண்டாவதாக ஒரு வாங்குபவர் கிடைப்பார். விலை ஏறுகிறதென்றால் முதலில் அங்கேதான் ஏறும். நல்ல கூட்டுக்கு அல்ல.

நம் நாட்டிலும் இந்தப் பக்கம் ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கூட்டின் சுவரையே ஆராய்ந்து, அதில் ஈரம் படும்போது சிறு மின்சாரம் உண்டாவதை 2014-ல் வெளியிட்டார்கள். கூடு என்பது வெறும் நூல்கண்டு அல்ல, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவுக்காக ஈரத்தையும் காற்றையும் கணக்குப் பார்த்துவிடும் ஒரு சுவர் என்பது அந்த ஆராய்ச்சிகளின் சாரம். அந்தச் சுவரைப் புழு கட்டும் 3 நாளும் நம் கையில் இருக்கிறது. ஆய்வகப் பட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில், 85 சதவிகித ஈரப்பதத்தை 70-க்கு இறக்கும் ஒரு விசிறி இந்த ஐப்பசியிலேயே காசு கொடுக்கும்.

வாசகர் கேள்விகள்

*மழைக்காலத்தில் கூடு ஈரமாக இருக்கிறது. வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லலாமா?*

வேண்டாம். நேரடி வெயில் பட்டு இழையை மஞ்சளாக்கும், வலுவையும் குறைக்கும். உள்ளே கூட்டுப்புழு செத்துப்போனால் கறை வரும். தரமும் போகும், எடையும் போகும். கூட்டை அறுவடை செய்ததும் நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் திணிக்காமல், காற்று புகும் துணிப் பையிலோ வலைப் பையிலோ தளர்வாகப் போட்டு, அதிகாலையிலோ மாலையிலோ சந்தைக்குக் கொண்டுசெல்லுங்கள். முக்கியமாக, அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஒரு கூட்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே கூட்டுப்புழுவின் தோல் பழுப்பு நிறமாகிக் கெட்டிப்பட்டிருந்தால் மட்டும் அறுவடை. மஞ்சளாக, மெத்தென்று இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

*ஈரப்பதத்தைக் குறைக்க வளர்ப்பு மனையில் கரி அடுப்பு வைக்கிறேன். சரியா?*

சூடு ஏறினால் காற்றின் ஈரப்பதம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால், புகை புழுவுக்கு ஆகாது. மனையை மூடிவைத்துக் கரி எரித்தால் உள்ளே போகும் ஆளுக்கும் ஆபத்து. புகையில்லாத மின் சூடேற்றியாக இருந்தால் நல்லது. எதுவாக இருந்தாலும், ஈரக்காற்று வெளியேற வழி வைத்தால்தான் பயன். வழி இல்லாவிட்டால் வெந்நீர்ப் பானையை மூடிவைத்ததுபோல ஆகும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*கழிவுக் கூட்டைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தக்காளிக்குப் பூசிப் பார்க்கலாமா?*

பலன் இருக்காது. சோடா உப்பில் அரை மணி நேரம் கொதித்தால் கரைவது செரிசின் பசை மட்டும்தான். பழத்தைக் காக்கும் ஃபைப்ராயின் இழை, வெள்ளைப் பஞ்சாக அப்படியே மேலே மிதக்கும். அதைக் கரைக்க ஆய்வகங்களில் லித்தியம் புரோமைடு என்ற உப்பை மிகக் கெட்டியான கரைசலாக்கி, 60 டிகிரியில் சில மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு அந்த உப்பு முழுவதையும் சவ்வு வழியாக நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி நீக்குகிறார்கள். உப்பு மிச்சமிருந்தால் சாப்பிடும் பொருளில் பூசக் கூடாது. வீட்டு அடுப்பில் செய்யும் வேலை அல்ல இது. வேகவைத்து மிஞ்சிய அந்தப் பஞ்சைக் கொட்டிவிடாதீர்கள். நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி எடுத்தால், கையால் நூற்கலாம்.